முப்பது நாள் உப்புத் தண்ணி

ஜூன் 4, புதன்

அக்கா,

முதல்ல இதப் படி. மத்ததெல்லாம் அப்புறம். அந்தக் கறுப்புக் கத்திய இனிமே பாக்கெட்ல வைக்காத.

ஆமா, நான் குடுத்த அதே கத்திதான். பஸ் ஸ்டாண்ட்ல நின்னு "கடல்ல வேலை பாக்குறவளுக்குக் கோட்டிங் இருக்கிற பிளேடுதான் சாமி"ன்னு லெக்சர் அடிச்சு, பஸ் கிளம்புறப்போ ஜன்னல் வழியா உன் மடில போட்டேனே, அதேதான். தூக்கி வெச்சிடு.

இந்தப் பார்சல்ல இன்னொண்ணு இருக்கு. கோட்டிங்கே கிடையாது, வெறும் பிளேடு. பளபளன்னு இருக்குன்னு மூஞ்சிய சுளிக்காத. நல்லா கேளு. கோட்டிங்ங்கிறது பிளேடோட உடம்புக்கு மட்டும்தான். கூர் தீட்டினாலே ஓரத்துல அது உரிஞ்சு போயிடும். எது வெட்டணுமோ அந்த ஓரம் எப்பவும் அம்மணமாத்தான் நிக்குது! மடங்குற இடத்து ஆணி, உள்ள இருக்கிற பூட்டு, இதுக்கெல்லாமும் கோட்டிங் கிடையாது. அங்க துரு ஏறினாலும் கறுப்புல தெரியவே தெரியாது. வெறும் பிளேடுன்னா காலைல ஒரு புள்ளி வந்தா மத்தியானத்துக்குள்ள உன் கண்ணுல பட்டுடும். துடைச்சிடுவ.

இதெல்லாம் இப்போ எப்படி தெரிஞ்சுதுன்னு கேக்காத. தெரிஞ்சுது. எங்க கத்தி குரூப்ல பேசிக்கிட்டாங்க.

உங்க மீன் பண்ணை மிதவைல டவர் எட்டாது, சனிக்கிழமை மீன் தீவனப் படகு வந்தாத்தான் இது உன் கைக்கு வரும். அதே படகுலயே பதில் குடுத்து அனுப்பு. "சரி, மாத்திட்டேன்"னு ரெண்டே வார்த்தை போதும். ப்ளீஸ்க்கா.

உன் கட்டில் மேல இப்போ என் கத்தி டப்பாங்கதான் தூங்குது. வந்ததும் எடுத்துடுவேன்.

குட்டி

*

ஜூன் 7, சனி

ஏய் கத்திப் பைத்தியம்,

பார்சல் வந்துச்சு. படகுக்காரர் மூட்டை இறக்கி முடிக்கிற வரைக்கும்தான் எனக்கு டைம், அதனால திட்ட வேண்டியத சுருக்கமா திட்டிடறேன்.

போன வருஷம் டார்ச் லைட்டு. அதுக்கு முன்னாடி கீபோர்டு, பட்டன் சத்தம் சரியில்லன்னு மூணு தடவ மாத்தின. ரெண்டு மாசம் முன்னாடி கறுப்புதான் கத்தி, மத்ததெல்லாம் தகரம்னு சொன்ன. இப்போ வெள்ளையா? அடுத்த மாசம் மரக்கத்தியா?

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. கறுப்புக் கத்திய ஊறப் போட்டு உன் பேஜ்ல போட்டியே, முப்பது நாள் உப்புத் தண்ணி டெஸ்ட், அத நான் பிரிண்ட் எடுத்துட்டு வந்து இங்க சாப்பிடுற ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். முப்பது போட்டோவும். கீழ நீ எழுதின வரியோட: "முப்பது நாள். ஒரு புள்ளி இல்ல. இத மறந்துடலாம், இது தன்னையே பாத்துக்கும்." என்னோட வேலை பாக்குற மத்த அஞ்சு பேரும் அதப் படிச்சுட்டுத்தான் அதே கறுப்புக் கத்திய வரவழைச்சாங்க. சூப்பர்வைசரும் சரின்னுட்டார். அவசரத்துல யாரு கத்திய யாரு பிடுங்கினாலும் ஒரே மாதிரி தொறக்கணும், அதான் காரணம். பம்பு அண்ணன் இருக்காரே, தீவனம் தள்ளுற பம்ப பாத்துக்குறவர், அவர் உன்ன 'முப்பது நாள் மேடம்'னுதான் சொல்றார். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?

பதினாறாம் தேதிலேருந்து கூண்டு வலை மாத்துற வேலை. வின்ச் மிஷின் கயிற சுத்தி இழுக்கும்போது தரையெல்லாம் வளையம் வளையமா கிடக்கும். கால் மாட்டினா மிஷின் நிக்கிறதுக்குள்ள எலும்பு போயிடும். வெட்டணும், அவ்வளவுதான். அந்த நேரத்துல கைக்குப் பழகின கத்திதான் வேணும்.

உன் வெள்ளைக் கத்திய சமையல்காரர்கிட்ட குடுத்துட்டேன். வெங்காயம் நல்லா வெட்டுதாம்.

டப்பாவ எல்லாம் என் கட்டில்லேருந்து எடு.

அக்கா

*

ஜூன் 10, செவ்வாய்

அக்கா,

சமையல்காரர்கிட்ட குடுத்துட்டியா?! திரும்ப வாங்கு. இன்னிக்கே வாங்கு. இன்னிக்குன்னா, நீ இதப் படிக்கிற அன்னிக்கு.

உன் கடிதத்த படிச்சதுமே உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க.

"மிதவைக்கு ஒரு மெசேஜ் சொல்லணும் மேடம், ரொம்ப அவசரம்."

"யாராவது இறந்துட்டாங்களாம்மா?"

"இல்ல மேடம். கத்தி விஷயம்."

"என்ன கத்தி?"

"பாக்கெட் கத்தி. கறுப்பு வேண்டாம், கோட்டிங் இல்லாதது வேணும்னு சொல்லணும்."

அந்த அம்மா பக்கத்துல யார்கிட்டயோ, "கலர் பிடிக்கலையாம்"னு சொல்லி சிரிச்சாங்க. ரேடியோ வேலை விஷயத்துக்கு மட்டும்தானாம். வெச்சிட்டாங்க. இன்னும் ரெண்டு தடவ அடிச்சேன். மூணாவது தடவ அந்த அம்மா ஹலோ கூட சொல்லல. "கத்தியா?"ன்னுதான் கேட்டாங்க.

அக்கா, என்கிட்ட அதே மாதிரி கறுப்புக் கத்தி இன்னொண்ணு இருக்குல்ல, டெஸ்டுக்கு வாங்கினது. அத மறுபடி உப்புத் தண்ணில போட்டேன். இந்தத் தடவ வேற மாதிரி. ஆறாவது நாள் கட்ட விரலால தொறந்தா அசையல. மேஜை ஓரத்துல வெச்சு அழுத்தினப்புறம்தான் பாதி வந்துச்சு. நான் வேலை பாக்குற சாவி கடைல முதலாளியோட பூதக்கண்ணாடிய வெச்சுப் பாத்தேன். ஓரம் பூரா குழி குழியா, எலி கடிச்ச மாதிரி இருக்கு. வெளிய பாத்தா ஒண்ணுமே இல்ல. கறுப்பா, அழகா, புதுசு மாதிரி!

வேற மாதிரின்னா எப்படின்னு கேப்ப. அது வந்து, தண்ணி வேற. உப்பு கொஞ்சம் கூட. அந்த மாதிரி.

நீ மாத்திடு. மத்த அஞ்சு பேருக்கும் நீயே ஏதாவது சொல்லிக்கோ. அந்த பிரிண்ட கிழிச்சுப் போட்டுடு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

குட்டி

*

ஜூன் 14, சனி

குட்டி,

படகு இன்னிக்கு சீக்கிரம் கிளம்புது, காத்து வருதாம். நின்னுக்கிட்டே எழுதறேன்.

உன் கடிதத்த மதிய சாப்பாட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். பம்பு அண்ணன் கேட்டார்: "முப்பது நாள்ல ஒரு புள்ளி வரல. இப்போ ஆறே நாள்ல இறுகிப் போச்சாம். நடுவுல என்னம்மா ஆச்சு? அந்தக் கத்தி பொய்யா, இந்தக் கத்தி பொய்யா?" உப்பு கூட போட்டாளாம்னு சொன்னேன். சமையல்காரர் கூட சிரிச்சுட்டார்.

சூப்பர்வைசர் சொல்லிட்டார், காரணம் சொன்னா மாத்தலாம், சும்மா ஒரு பொண்ணு பயந்துட்டான்னு ஆறு கத்திய மாத்த முடியாதுன்னு.

கிழிக்கச் சொன்னியே, ஏன்? உன்ன எனக்கு மூணு சக்கர சைக்கிள் ஓட்டின நாள்லேருந்து தெரியும். 'அது வந்து'ன்னு நீ எழுதினாலே ஏதோ ஒளிக்கிறன்னு அர்த்தம். என்ன மறைக்கிற? நேரா சொல்லு. நேரா சொன்னா நான் அடிச்சுப் பிடிச்சாவது மாத்தறேன்.

திங்கக்கிழமை வலை வேலை ஆரம்பம்.

அக்கா

*

ஜூன் 15, ஞாயிறு

அக்கா,

படகுத்துறைல உக்காந்து எழுதறேன். காலைல ரெண்டு பஸ் மாறி வந்தேன். உன் கடிதத்த படகுக்காரர் இங்கயே என் கைல குடுத்தார். எப்படியாவது என்ன மிதவைக்கு கூட்டிட்டுப் போங்கன்னு கால்ல விழாத குறையா கேட்டேன். "காத்து அடங்காம யாரும் போக முடியாதும்மா. இனிமே சனிக்கிழமைதான்"னுட்டார். வாட்ச்மேன் டீ வாங்கிக் குடுத்தார். குடிக்க முடியல.

சொல்லிடறேன். நேரா.

முப்பது நாளும் நான் கத்திய துடைச்சேன்.

ஏமாத்தணும்னு செய்யலக்கா. தினமும் சாயங்காலம் உப்புத் தண்ணிலேருந்து எடுப்பேன், நல்ல தண்ணில கழுவுவேன், உன் பழைய பனியன் துணியால துடைப்பேன், மடங்குற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன், ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுப்பேன். அப்புறம்தான் திரும்ப தண்ணில போடுவேன். போட்டோ எடுக்கணும்னா துடைக்கணும்ல? கத்திப் பைத்தியம் எல்லாம் அப்படித்தான் எடுப்பாங்க. அது டெஸ்ட கெடுக்குதுன்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா தோணல. நான் முப்பது நாள் கோட்டிங்க டெஸ்ட் பண்ணல. உன் பனியன் துணிய டெஸ்ட் பண்ணியிருக்கேன்.

மூணு வாரம் முன்னாடி என் பேஜ்ல அந்த டெஸ்ட் பதிவுக்குக் கீழ ஒருத்தர் ஒரே ஒரு வரி கேட்டார். "போட்டோவுக்கு முன்னாடி துடைச்சீங்களா?" நான் கொழுப்பா பதில் போட்டேன், "பின்ன, அழுக்கோடயா போட்டோ எடுப்பாங்க?" நாலு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மறுநாள் கடைல சாவி அறுத்துக்கிட்டு இருக்கேன், திடீர்னு அந்தக் கேள்வி புரிஞ்சுச்சு. சாவி கோணலா அறுந்துடுச்சு.

அப்போவே உனக்கு எழுதியிருக்கணும். நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவர் கேள்விய அழிச்சேன். பதினோராயிரம் பேர் பாக்குற பேஜ். அந்த ஒரு பதிவாலதான் அத்தன பேர் வந்தாங்க. போயிடுவாங்கன்னு பயம். அதான் போன ரெண்டு கடிதத்துலயும் 'குரூப்ல பேசினாங்க', 'உப்பு கூட'ன்னு எழுதினேன். செவ்வாக்கிழமையே இத எழுதியிருந்தா நேத்து உன் கைல இருந்திருக்கும். நாளைக்கு நீ அந்தக் கத்தியோட நிக்க மாட்ட.

இத வாட்ச்மேன்கிட்டதான் குடுக்கறேன். "சனிக்கிழமை போயிடும், அழாத"ன்னார். சனிக்கிழமை! நடுவுல அஞ்சு நாள் இருக்குக்கா. கயிறு பக்கத்துல நிக்காத. பம்பு அண்ணன நிக்க விடாத. நான் எழுதினத நம்பாத.

குட்டி

*

ஜூன் 19, வியாழன்

நேத்து பதினோரு மணிக்கு, மூணாவது கூண்டு.

பம்பு அண்ணன் கால்ல கயிறு மாட்டுச்சு. கணுக்கால்ல ஒரு சுத்து. வின்ச்ச நிறுத்துன்னு நான் கத்தினது எனக்கே கேக்கல. அவர் கத்திய எடுத்தார். தொறக்கல. கட்ட விரலால தள்ளித் தள்ளி நகம் பேந்து ரத்தம். நான் என்னோடத எடுத்தேன். பாதி வந்துச்சு, பூட்டு விழல. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு கயித்து மேல இழுத்தேன். வழுக்குது. கரண்டிய வெச்சு இழுக்கிற மாதிரி வழுக்குது. அவர் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். "வெட்டும்மா, வெட்டும்மா"ன்னு மட்டும் சொன்னார், மெதுவா, ஏதோ எனக்குத் தைரியம் சொல்ற மாதிரி.

சமையல்காரர் ஓடி வந்தார். கைல உன் வெள்ளைக் கத்தி. வெங்காயத் தோல் ஒட்டியிருந்துச்சு. மூணு இழுப்பு, கயிறு அறுந்துச்சு.

ரேடியோல சொல்லி படகு வந்து அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சு. பாதம் தங்குமான்னு தெரியல.

சாயங்காலம் சமையல்காரர்கிட்ட கேட்டேன், இது மட்டும் எப்படி இப்படி இருக்குன்னு. "தினமும் ஒரு புள்ளி வருதேம்மா. கண்ணுக்கு நேரா தெரியுது, துடைக்காம எப்படி விடுறது?"ன்னார்.

விசாரிக்க ஆபீஸ்லேருந்து ஆள் வந்திருக்காங்க. அந்தப் படகுலதான் இது வருது. ஆறு கறுப்புக் கத்தியையும் மேஜை மேல வெச்சிருக்காங்க. நாலு தொறக்கல. அஞ்சாவது என்னோடது, பாதிதான் வருது. ஒண்ணு மட்டும் தொறக்குது. மேஜைக்கு மேல சுவத்துல உன் முப்பது போட்டோ.

நீ தெரிஞ்சு மறைச்சியா? ஒரே வார்த்தைல சொல்லு.

*

ஜூன் 21, சனி

படகுத்துறைல எழுதினது இன்னிக்கு வந்துச்சு. படிச்சேன்.

இனிமே எனக்கு எழுதாத.

*

ஜூன் 26, வியாழன்

அக்கா,

எழுதாதன்னு சொன்ன. நீ கிழிச்சுப் போட்டாலும் பரவாயில்ல, எழுதறேன். ஒரே வார்த்தை கேட்டியே. ஆமா. தெரிஞ்சுதான் மறைச்சேன்.

பதிவு போட்டுட்டேன். பழசுக்கு மேலயே. "இந்த டெஸ்ட் தப்பு. தினமும் துடைச்சுட்டுத்தான் போட்டோ எடுத்தேன். கேட்டவரோட கேள்விய நானே அழிச்சேன். இத நம்பி வாங்கின ஒருத்தரோட கால் போச்சு." அவர் கேள்விய திரும்பப் போட்டு அவர்கிட்ட மன்னிப்பும் கேட்டேன். நிறைய பேர் போயிட்டாங்க, போகட்டும். நாப்பது பேர் தங்களோட கறுப்புக் கத்தியத் தொறந்து பாத்துட்டு போட்டோ அனுப்பியிருக்காங்க. அதுல ஒம்போது இறுகிப் போயிருக்கு. ஒரு தீயணைப்பு வீரரோடதும் அதுல இருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூணு நாள் வராண்டா வரைக்கும் போயிட்டு திரும்பி வந்தேன். நாலாவது நாள் நர்ஸ் அம்மா, "நீ யாருக்கும்மா வர்ற? உள்ள போ இல்ல வெளிய போ, வழில நிக்காத"ன்னு தள்ளி விட்டாங்க.

அண்ணன் முழிச்சுக்கிட்டுதான் இருந்தார். பாதத்துல பாதிய எடுத்துட்டாங்கக்கா. போர்வை அந்த இடத்துல தட்டையா இருந்துச்சு. நான் அங்க பாக்கக் கூடாதுன்னு நெனச்சு அங்கயேதான் பாத்தேன்.

"நீதானா முப்பது நாள்?"ன்னார்.

"ஆமாண்ணா."

"உன் பதிவப் படிச்சுக் காட்டினாங்க. துடைச்சியாம்மா?"

"துடைச்சேண்ணா."

"தினமும்?"

"தினமும்ணா."

அவர் திட்டவே இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்புறம் தண்ணி கேட்டார். குடுத்தேன். குடிச்சுட்டு சொன்னார்: "அந்த பிரிண்ட உங்கக்கா கிழிச்சிருப்பா. கிழிக்க வேண்டாம்னு சொல்லு. மேல பெருசா எழுதச் சொல்லு, துடைச்சுட்டு எடுத்ததுன்னு. நாளைக்கு என் இடத்துக்கு வேற ஒருத்தன் வருவான்ல, அவன் படிக்கணும்." அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். நாளைக்கும் போவேன். தண்ணி குடுக்கவாவது போவேன்.

இந்தப் பெட்டில ஆறு கத்தி இருக்கு. எல்லாமே வெறும் பிளேடு, எல்லாமே ஒரே மாதிரி தொறக்கும். என் டப்பா எல்லாத்தையும் குரூப்ல குடுத்து மாத்தி வாங்கினேன். உன் கட்டில் இப்போ காலி. ஆறையும் உங்க படகுத்துறைக் கடல் தண்ணியவே பிடிச்சுட்டு வந்து நாலு நாள் போட்டு எடுத்தேன். துடைக்கல. எண்ணெய் விடல. அப்படியே அனுப்பறேன். ஒண்ணுல ஆணிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வந்திருக்கு, கடுகு அளவுக்கு. கை பரபரன்னுதான் இருந்துச்சு, துணிய எடுத்துட்டுத் திரும்ப வெச்சுட்டேன். தொடல. நீ பாக்கணும்.

வாரத்துக்கு ஒரு தடவ எண்ணெய். தினமும் நல்ல தண்ணி. எந்தக் கத்தியும் தன்னைத் தானே பாத்துக்காது. அன்னிக்கு நான் எழுத வேண்டிய வரி இதுதான்.

நீ திட்டியாவது எழுதுக்கா. வெறும் பேப்பர மடிச்சு அனுப்பினாலும் வாங்கிக்கறேன். சனிக்கிழமை சனிக்கிழமை படகுத்துறைலதான் நிப்பேன்.

குட்டி

*

ஜூலை 5, சனி

ஏய் பைத்தியம்,

போன சனிக்கிழமை நீ துறைல நின்னுட்டு வெறுங்கையோட போனன்னு படகுக்காரர் சொன்னார். மழைல நனைஞ்சியாம். குடை எடுத்துட்டுப் போகத் தெரியாதா?

கோவம் போகல. அது அவ்வளவு சீக்கிரம் போகாது. கண்ண மூடினா "வெட்டும்மா"ன்னுதான் கேக்குது. லீவுக்கு வந்ததும் முதல்ல அண்ணனப் பாக்கப் போறேன், அப்புறம் உன்ன உக்கார வெச்சுத் திட்டுவேன். கட்டில காலியாவே வை.

பிரிண்ட நான் கிழிக்கல. எழுதிட்டேன், சிவப்பு மைல, அவர் சொன்ன மாதிரியே. புதுசா ஒரு ஆள் வந்திருக்கார். ஒவ்வொரு போட்டோவா படிச்சுட்டு, "எல்லாம் சரி, எதுக்குங்க துடைச்சாங்க?"ன்னார். உக்கார வெச்சு முழுசா சொன்னேன்.

ஆறு கத்தியும் வந்துச்சு. புள்ளி இருந்தத நான் எடுத்துக்கிட்டேன். அந்தப் புள்ளிய தேய்ச்சதும் போயிடுச்சு. நேத்து மத்தியானம் அதே இடத்துல இன்னொண்ணு. வின்ச்ச நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டேன். சமையல்காரர் கரண்டியோட வந்தார். ஒவ்வொருத்தர் கைலயும் குடுத்து பாக்க வெச்சேன்.

அப்புறம்தான் துடைச்சேன்.

அக்கா